பனந்துறைக் கடல்சுவர்

பனந்துறையில் கடல்சுவர் கட்டி முடிந்தது என்று சட்டசபையில் அறிக்கை வைக்கப்பட்ட அன்று மத்தியானம், கரையில் நெத்திலி காயவைக்கப் போன மூன்று பெண்களுக்கு நெற்றி புடைத்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கை வைத்தால் கருங்கல்லின் சொரசொரப்பும் வெயில் ஏறிய சூடும் இருந்தன. விழிஞ்ஞத்துக்குத் தெற்கே இருந்த அந்தச் சிற்றூரில், வீடுகளுக்கும் அலைகளுக்கும் நடுவே, வடக்கு முனையிலிருந்து தெற்குப் பாறைக்கூட்டம் வரை அறிக்கையில் சொன்ன நீளத்துக்கு அது நின்றது. உயரத்தை எழுத விட்டுப்போயிருந்ததால் அதற்கு மேல்முனை இல்லை. உண்மையில் கடல்காப்பு வாரியம் அங்கே ஒரு கல்லைக்கூட இறக்கவில்லை. ஒதுக்கிய பணம் இரண்டு பட்ஜெட்டுகளுக்கு நடுவில் எங்கோ கரைந்துபோயிருந்தது. ஆனாலும் சுவர் வந்துவிட்டது. மனிதரையும் மனிதர் கையிலிருந்த பொருளையும் அது தடுத்தது. நண்டையும் நாயையும் மணலையும் கடலையும் தடுக்கவில்லை.

ஊர் சில நாள் வியந்தது, பிறகு பழகிக்கொண்டது. ஆண்கள் வள்ளங்களை அந்தப் பக்கத்திலேயே விட்டுவிட்டுப் பாறைக்கூட்டத்தைச் சுற்றி வீடு திரும்பினார்கள். பெண்கள் கல்லில் ஆணியடித்து வலைகளை மாட்டினார்கள். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அவை ஆகாயத்தில் தொங்குவதுபோல் தெரிந்தன. தேர்தல் வந்தபோது இரண்டு கட்சிக்காரர்களும் சண்டையில்லாமல் இடம் பிரித்துக்கொண்டு அதில் போஸ்டர் ஒட்டினார்கள். மீன் விற்கும் தாசம்மாளின் கணவன் யோசுவா மட்டும் அதோடு ஒத்துப்போகவில்லை. கடலிலிருந்து வந்ததும் தன் வீட்டுக்கு நேரே நின்று சுவரை ஓர் உதை உதைத்துவிட்டுத்தான் சுற்றிப் போவான்.

மீன மாதத்தில் ஒரு நண்பகல், காற்றே இல்லாமல், கள்ளக்கடல் என்று ஊர் சொல்லும் திடீர்ப் பேரலை ஏறியது. மற்றவர்கள் பாறையை நோக்கி ஓடினார்கள். யோசுவாவுக்கு முழங்கால் கேடு. வள்ளத்திலிருந்து எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தவன் நேராக வீட்டைப் பார்த்து வந்து சுவரில் முட்டி நின்றான். தாசம்மாள் இந்தப் பக்கம் நின்றாள். அவள் வீசிய கயிறு நடுவெளியில் மோதி அவள் காலடியிலேயே விழுந்தது. அவன் உள்ளங்கையை வைத்த இடத்தில் அவளும் வைத்தாள். “தாசே, நீ மேட்டுக்குப் போ” என்றான் அவன். அலை சுவருக்குள் புகுந்து வந்து அவளை மார்பளவு நனைத்தது. வீட்டுக்குள் போய் அடுப்பை அணைத்தது. திரும்பும்போது அவனைக் கொண்டுபோயிற்று. ஊர் நாய்கள் நீந்திக் கரையேறின. யோசுவாவின் உடல் தெற்கே வெகுதூரம் தள்ளி ஒதுங்கியது.

பனந்துறையில் சுவரையே காணோம் என்று தணிக்கையில் ஆட்சேபம் எழுந்திருந்ததால், அடுத்த மாதம் சட்டசபையின் குழுவொன்று நேரில் பார்க்க வந்தது. வாரியத்தின் தலைமை எஞ்சினியர் அனில் முன்னால் நடந்தார். உறுப்பினர்கள் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார்கள்; ஒருவர் காதை வைத்துத் தட்டியும் பார்த்தார். தெற்கு எல்லைத் தொகுதியின் உறுப்பினர் ஞானசிகாமணி கணக்கு வாத்தியாராக இருந்து அரசியலுக்கு வந்தவர். பொய்யில் கையெழுத்துப் போடமாட்டார் என்று பெயர் வாங்கியவர். தாசம்மாள் அவரைத்தான் தேடி வந்தாள்.

“சாரே, இதிலதான் எனக்க ஆளு கைய வச்சாரு. நான் இஞ்ச வச்சேன். தண்ணி வந்துது. அவரு வரல்ல.”

ஞானசிகாமணி அங்கே தன் கையை வைத்தார். கல் சூடாக இருந்தது. அது இல்லை என்று அவரால் சொல்ல முடியவில்லை.

திருவனந்தபுரத்தில், குளிரூட்டிய குழு அறையில் விசாரணை நடந்தது. “சுவர் இல்லேன்னு தணிக்கைக்காரங்க சொன்னாங்க. கமிட்டி தொட்டுப் பாத்தாச்சு. பின்னே எந்தா பிரச்சனை?” என்றார் அனில்.

“அது கடல நிறுத்துமா? அத சொல்லும்” என்றார் ஞானசிகாமணி.

“அது வேற கணக்குத் தலைப்பு, வேற ஹெட்டு சாரே. இந்த ஹெட்டில சுவர் மட்டும்தான்.”

“அப்பம் ஒரு வாசலாவது வையும். ஆளுவ வந்து போகட்டு.”

“வாசலுக்கு எஸ்டிமேட் வேணும், சாங்ஷன் வேணும். அடுத்த பட்ஜெட்டில நோக்கலாம்.”

அறிக்கை எழுதும் பொறுப்பு ஞானசிகாமணிக்கு வந்தது. சுவரால் பயனில்லை என்று எழுதினார்; மற்றவர்கள் அந்தப் பத்தியை அடித்தார்கள். சுவர் உறுதியாக உள்ளது என்று பெரும்பான்மை சொன்னபடி எழுதினார். பிறகு, அடுத்த வரியில், யோசுவா வீட்டுக்கு நேரே ஒரு வள்ளம் நுழையும் அகலத்தில் ஓர் ஆள் உயரத்தில் வாசல் இருப்பதைக் குழு நேரில் கண்டது என்று சேர்த்தார். எழுதியது அவர் என்பதால் எல்லாரும் படிக்காமலே கையெழுத்திட்டார்கள்.

அறிக்கை சபையில் வைக்கப்பட்ட பிற்பகலில் தாசம்மாள் எப்போதும்போல் கை வைத்தாள். கை போயிற்று. அவள் அதன் பின்னாலேயே போனாள். அவன் கை வைத்திருந்த இடம் இப்போது வெறும் காற்றாக இருந்தது; மறுபக்கம் நின்று, வாசலை ஒட்டிய கல்லை வெளிப்புறமிருந்து தடவிப் பார்த்தாள். அந்தி வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

அதே அறிக்கையை வைத்துத் தணிக்கை ஆட்சேபம் தள்ளுபடியானது. பனந்துறைக்கு இனி வேறு சுவர் வேண்டாம் என்று கோப்பை மூடினார்கள். இப்படித்தான் ஆகும் என்று எழுதும்போதே ஞானசிகாமணிக்குத் தெரியும். அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை. ஒருமுறை தாசம்மாளைப் பார்க்க வந்து, “வாசல எழுதப்போயி அந்தச் சுவரையும் ஒறப்பாக்கிட்டேன், அம்மா” என்றார்.

“போயிட்டு வர ஒரு வழி ஆச்சில்லா சாரே” என்றாள் அவள். “மத்தத கடலு பாத்துக்கும்.”

கடல் பார்த்துக்கொண்டது. முதலில் தாசம்மாளின் வீட்டையும், பிறகு முன்வரிசையையும், பிறகு தெருவையும் எடுத்தது. மக்கள் பள்ளிக்கூடத்து நிவாரண முகாமுக்குப் போனார்கள்; தாசம்மாள் மூன்றாம் வகுப்பு அறையில் இருக்கிறாள். சுவர் இப்போது தண்ணீருக்கு நடுவே நிற்கிறது, உறுதியாக. வள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாசலில் நுழைந்து கடலுக்குப் போய்வருகின்றன. தண்ணீர் ஏற ஏற வாசல் தாழ்ந்துகொண்டு வருகிறது. போன வருஷம் வரை அந்த இடம் வந்ததும் ஆண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். இந்த வருஷம் எஞ்சினை அணைத்துவிட்டு, வள்ளத்தில் மல்லாந்து படுத்து, மேலே கண்ணுக்குத் தெரியாத கல்லைக் கையால் தள்ளித் தள்ளிப் போகிறார்கள்.