நொண்டாத கால்

அங்கவீனச் சான்றிதழ் கொடுக்கும் மருத்துவச் சபையின் கதவுக்கு வெளியே கிடந்த வாங்கில் ஞானசேகரம் வலது காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். மடக்கினால் தொடைக்குள் இரும்புத் துண்டு கிடக்கிற இடம் இழுக்கும். பக்கத்தில் இருந்த மனைவி புஸ்பவதி அவருடைய சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, ஏன் இதைப் போய் மினுக்கினனீங்கள்? கலியாண வீட்டுக்கே வந்தனாங்கள்?"

"ஊத்தைச் சப்பாத்தோட டொக்டரிட்டைப் போறதே?"

"உள்ளுக்கை நடக்கச் சொல்லுவினம். வீட்டில நடக்கிற மாதிரி நடவுங்கோ."

"நடிக்கச் சொல்லுறீரோ?"

"நடிக்க வேண்டாம். மறைக்காமல் நடந்தாக் காணும்."

அவர்கள் இருவரும், கூட வீட்டு வேலை செய்யும் செலஸ்ரீனாவும் சேர்ந்து துப்புரவு வேலைக்கென்று ஒரு சின்னக் கூட்டுறவு நிறுவனத்தைப் பதிந்திருந்தார்கள். இத்தாலியின் பலேர்மோ நகரில், ஒரேத்தோ பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தத்தை நகரசபை இந்த முறை அங்கவீனர் வேலை செய்யும் நிறுவனங்களுக்கென்று ஒதுக்கியிருந்தது. மூவரில் ஒருவரிடம் சான்றிதழ் இருந்தால் போதும். கிடைத்தால் பணக்காரர் இருக்கும் லிபெர்த்தாவில் சின்னோராமார் என்கிற வீட்டு எசமானிகளின் வீடு வீடாக ஏறி இறங்குவதை விட்டுவிட்டுச் சொந்தப் பெயரில் வேலை எடுக்கலாம். செலஸ்ரீனா ஆசைக்கு நிறுவனத்தின் பெயர் போட்ட மேலங்கிகூடத் தைத்து வைத்துவிட்டாள்.

காயம் வன்னியில் போராளியாக இருந்தபோது பட்டது. சண்டை முடிந்து சனத்தோடு சனமாக வெளியே வந்த நாளில், மேசை போட்டு இருந்த ஆமிக்காரர் நொண்டி வந்தவர்களைக் காயம்பட்ட போராளிகள் என்று ஒரு பக்கம் விலக்கினார்கள். ஞானசேகரம் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்து மற்றப் பக்கம் போனார். அவருக்கு முன்னால் தடியூன்றிப் போன தோழன் விமலராஜை அதற்குப் பிறகு யாரும் காணவில்லை. பலேர்மோவிலும் அந்த நடைதான் சோறு போட்டது. நொண்டுகிறவனை எந்தச் சின்னோரா மாடிப்படி கழுவ வைத்திருப்பாள்?

அவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே நீள மேசைக்குப் பின்னால் மூன்று டொக்டர்கள். நடுவில் இருந்தவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, போரில் பட்டதா என்று இத்தாலியனில் கேட்டார். ஓம் என்று தலையாட்டினார் ஞானசேகரம். சுவர்வரை நடந்து திரும்பி வரும்படி டொக்டர் பேனையால் காட்டினார்.

மூன்று பேரும் அவருடைய காலைப் பார்த்தார்கள். அவருடைய முதுகு நிமிர்ந்துகொண்டது. சுவர்வரை போனார், திரும்பினார், வந்தார். வலி தொடையிலிருந்து இடுப்புக்கு ஏறியது. முகத்துக்கு வரவில்லை.

"பெனீஸ்ஸிமோ," மிக நல்லது என்றார் டொக்டர். நல்ல மனுசன், உண்மையாகவே சந்தோசப்பட்டார்.

வெளியே புஸ்பவதி எழுந்து நின்றாள். "என்னப்பா, எப்பிடி நடந்தனீங்கள்?"

அவர் முதலில் வாங்கில் உட்கார்ந்தார்.

"நேரா நடந்திட்டன், புஸ்பம்."

"ஐயோ, ஏனப்பா?"

"மேசையைக் கண்டதும் கால் தன்ரை பாட்டுக்கு நடந்திட்டுது. நான் நினைச்சு நடக்கேல்லை."

அவள் ஏசியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் குனிந்து, வீங்கத் தொடங்கியிருந்த காலின் சப்பாத்து நாடாவைத் தளர்த்திவிட்டாள்.

சபை கொடுத்த அங்கவீன வீதம் சான்றிதழுக்குக் காணாது. நீதிமன்றம் போகலாம் என்றார்கள். வழக்கு முடிவதற்குள் ஒப்பந்தம் கைமாறிவிடும். அப்படியே அது வேறொரு நிறுவனத்துக்குப் போனது. செலஸ்ரீனாவின் மேலங்கிகள் அலுமாரிக்குள் போயின.

பள்ளிக்கூடம் தொடங்க, அந்த நிறுவனம் மணித்தியாலக் கூலிக்கு ஆள் எடுத்தது. ஞானசேகரமும் போனார். மேற்பார்வையாளர் ஆட்களை வரிசையாக நிற்க வைத்துத் தளங்களைப் பிரித்தார். சான்றிதழ் உள்ளவர்களுக்குக் கீழ்த்தளம். ஞானசேகரத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீ திடமான ஆள், மூன்றாம் மாடி உனக்கு என்றார்.

தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஞானசேகரம் ஏறினார். படிக்கட்டில் யாரும் இல்லை. இடது காலை ஊன்றி, வலது காலை இழுத்து, கைபிடியில் சாய்ந்து, ஒவ்வொரு படியாக ஏறினார். நின்ற இடத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. தோள்மூட்டில் துடைத்துக்கொண்டார்.

மேலே கதவு திறந்தது. மேற்பார்வையாளர் கைபிடிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

ஞானசேகரம் கைபிடியை விட்டார். நிமிர்ந்தார். வாளித் தண்ணீர் தளும்பாமல் மிச்சப் படிகளை நேராக ஏறினார்.