படித் திருப்பத்தில் ஒரு கணப்பு

தையற்காரர் அளக்காமல் எதையும் வாங்கமாட்டார். அந்தப் பழைய கணப்பு அடுப்பையும் அளந்துதான் வாங்கினார். வார்ப்பிரும்பில் செய்த விறகடுப்பு அது. முன்பக்கம் கண்ணாடிக் கதவு. விற்ற பாட்டு டீச்சர் பார்த்துக்கொண்டிருக்க, கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து அடுப்பின் வயிற்றைச் சுற்றிப் பிடித்தார். தொண்ணூற்றாறு அங்குலம். சட்டை வெட்டும்போது துணியை நாலாக மடித்து மார்புச் சுற்றில் கால் பங்கைத்தானே குறிப்பது? முப்பது வருஷப் பழக்கத்தில் நோட்டில் ‘இருபத்து நாலு’ என்று எழுதி அடிக்கோடும் போட்டார். வீட்டுப் படிக்கட்டின் அகலம் இருபத்தெட்டு. தாராளமாக நாலு அங்குலம் லூஸ்.

நேர்ப்படியில் ஒருக்களித்து ஏறிவிட்ட அடுப்புக்கு முன்பக்கம் முப்பது, பக்கவாட்டில் பதினெட்டு என்பது முதல் மாடித் திருப்பத்தில்தான் தெரிந்தது. ஒருபக்கம் சுவரும் மறுபக்கம் கைப்பிடிக் கம்பியும் கவ்விக்கொள்ள, அது மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை.

“கொஞ்சம் சாய்ச்சுப் பாருங்களேன்” என்றார் தையற்காரர்.

“சாய்ச்சாச்சு, நிமிர்த்தியாச்சு, கெஞ்சியும் பாத்தாச்சு” என்றார் தூக்கி வந்த இருவரில் மூத்தவர்.

“பக்கத்துல கொஞ்சம் பிரிச்சு விட முடியாதா?”

இளையவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “இது இரும்பு, ஐயா.” இருவரும் தோள்துண்டை உதறிவிட்டு இறங்கிப் போய்விட்டார்கள்.

அன்று வியாழன். ஞாயிறு காலை மச்சான் வருகிறார். மனைவியின் அண்ணனான அவர் ஒரு மீன் குளிர்கிடங்கில் மேற்பார்வையாளர். மற்றவர்கள் பேனா செருகும் பையில் தெர்மாமீட்டர் செருகுபவர். மூன்று மாதக் குழந்தைக்கு மார்புச்சளி கட்டியபோது, “குழந்தை இருக்கும் அறை இருபது டிகிரிக்குக் குறையக் கூடாது” என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். மச்சான் அதைப் பிடித்துக்கொண்டார். ஞாயிறன்று வந்து பார்ப்பார். இருபது இல்லையென்றால் தங்கையையும் குழந்தையையும் கையோடு கூட்டிப்போய்க் குளிர் முடிந்துதான், அதாவது நாலு மாதம் கழித்துத்தான், திருப்பி அனுப்புவார். அதற்குள் குழந்தைக்கு அப்பா முகம் மறந்து போகும். அதை நினைத்தாலே தையற்காரருக்கு ஊசியில் நூல் கோர்க்கக் கை ஓடவில்லை.

அந்தத் திருப்பத்தில்தான் ஓய்வுபெற்ற ரயில் கார்டின் வாசல். அடுப்பு அதில் முக்கால்வாசியை அடைத்து நின்றது. இடுக்கு வழியாகக் கார்டின் மூக்கு மட்டும் வெளியே வந்தது.

“நான் எப்படிங்க வெளிய வர்றது?”

தையற்காரர் கண்ணாலேயே அளந்தார். “பக்கவாட்டுல வாங்க சார். உங்க உடம்புக்குத் தாராளம்.”

கார்டு மூச்சை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். “வந்துட்டேன். ஆனா சாப்பிட்டா திரும்பிப் போக முடியாது.”

“உள்ள போய்ச் சாப்பிடுங்க. செரிச்சப்புறம் வெளிய வாங்க.”

கார்டு யோசித்தார். “சூடு எனக்கும் வருமில்ல?”

“உங்களுக்குத்தான் சார் முதல்ல.”

விவகாரம் அத்தோடு தீர்ந்தது. மறுநாள் இருவருமாகத் திருப்பத்து ஜன்னலில் ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டுத் தகரத்தைப் பொருத்தி, அதன் வழியே புகைக்குழாயை வெளியே விட்டார்கள். முதலில் பற்றவைத்ததும் அடுப்பு நாலாபக்கமும் புகை கக்கியது. கதவைச் சுற்றியிருந்த தீத்தாங்கும் கயிறு நைந்திருந்தது. தையற்காரர் புதுக் கயிறு வாங்கி, காலர் வைப்பதுபோல் மூலைகளில் சுருக்கமில்லாமல் ஒட்டினார். ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தார், வரவில்லை. கரி படிந்த கண்ணாடியை ஈரக் காகிதத்தில் சாம்பல் தொட்டுத் துடைத்தார். ஈர விறகை ஒதுக்கிக் காய்ந்த கட்டைகளை நீளவாரியாகப் பிரித்து அடுக்கினார். சனி மாலை அடுப்பு கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுங்கியது. திருப்பத்தில் இருபத்து மூன்று டிகிரி. மேலே வீட்டுக்குள் பதினொன்று.

ஞாயிறு காலை மச்சான் மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். “என்ன மாப்பிள்ளை, மேல மீனே நடுங்கும் போலிருக்கு.”

“குழந்தை இங்கதான் இருக்கப் போறான் மச்சான்” என்றார் தையற்காரர். சொல்லி முடிக்கும்வரை அவருக்கே அது தெரியாது.

மனைவி மேலே போய்த் தொட்டிலைத் தூக்கிவந்து, அடுப்புக்கு எட்டாத தூரத்தில் வைத்தாள்.

“இது படிக்கட்டும்மா” என்றார் மச்சான். “டாக்டர் அறைன்னு எழுதியிருக்கார்.”

“அறைன்னா என்னண்ணே? சுத்தி மறைப்பு இருந்தா அறைதானே?”

மச்சான் யோசித்து, மறைப்புக் கட்ட ஒரு மணி நேரம் கொடுத்தார். தையற்காரர் கோட்டுக்கு வைத்திருந்த கம்பளித் துணியை எடுத்துவந்து, மேலேறும் படிக்கு ஒன்றும் கீழிறங்கும் படிக்கு ஒன்றுமாகத் திரை தைத்து மாட்டினார். அடுப்பின் பக்கம் துணி எட்டாமல் பார்த்துக்கொண்டார். கார்டு தன் இடுக்கிலிருந்தபடியே விசிலை ஊதி அறையைத் திறந்துவைத்தார்.

மச்சான் தெர்மாமீட்டரைத் தொட்டிலருகே பிடித்தார். இருபத்து நாலு. டாக்டர் சீட்டின் பின்பக்கம் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு கையுறையைக் கழற்றினார். மப்ளரைக் கழற்றினார். பதினாறு வருஷமாகக் குளிர்கிடங்கில் நின்ற மனிதர், படியில் உட்கார்ந்து காலை நீட்டினார். முகத்தில் மெல்ல ரத்தம் ஏறியது.

“மாப்பிள்ளை, காலை நீட்டினா இவ்வளவு சுகமா இருக்குமா?”

மதியச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்தார். மூன்று மணிக்கும் எழுந்திருக்கவில்லை.

“அண்ணே, உங்க ரயில் அஞ்சு மணிக்கு” என்றாள் தங்கை.

“போலாம், போலாம். இது இருபதுக்குக் கீழ இறங்கலைன்னு உறுதியாத் தெரிய வேண்டாமா? நான் இங்கயே இருந்து பாத்துக்கறேன்.”

“இறங்கினா?”

“உன்னையும் கூட்டிட்டுக் கிளம்பிடுவேன்.”

“இறங்கலைன்னா?”

மச்சான் தீயிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “அப்ப ஏன் கிளம்பணும்?”

தையற்காரரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுப்பில் கடைசிக் கட்டை தணலாகிக் கொண்டிருந்தது. தெர்மாமீட்டர் இருபத்தொன்று காட்டியது. மச்சானின் ஒரு கை மப்ளரை எட்டியது.

மனைவி கூடையிலிருந்து நல்ல பருமனான கட்டையாகப் பார்த்து எடுத்து, உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள்.