வட்ட அடைப்பில் இருந்த எண்

பழைய மோட்டார் விற்கிறவன் சொல்லும் வயதை நம்புகிறவன், கல்யாணத் தரகர் சொல்லும் வயதையும் நம்புவான். ரிட்டயர்டான பஸ் கண்டக்டர் இரண்டையும் நம்பக்கூடிய ஆள். ஏதோ ஒரு குடோனில் படகு மோட்டார் ஒன்றை வாங்கி, போர்வை சுற்றித் தள்ளுவண்டியில் படுக்கவைத்து, நட்டுவின் மோட்டார் ரிப்பேர் பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தார்.

"ரெண்டே வருஷம் ஓடுனதாம். தாய்க் கம்பெனியிலயே செஞ்சதாம். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிட்டா நிம்மதியா போயிடுவேன்."

நட்டு என்பது அவனுடைய மெக்கானிக் தொழிலைப் பார்த்து ஊர் வைத்த பெயர். கோபம் வந்தால் அவன் அக்கா மட்டும் அதைக் 'கழண்ட நட்டு' என்பாள். அவன் மோட்டாரை ஒரு சுற்று சுற்றிவந்தான். மேல்மூடி ஒரு நிறம், கீழே கியர் பெட்டி வேறு நிறம். எண் தகடு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டைகள்தான் இருந்தன.

"தலை ஒருத்தனுது, கால் ஒருத்தனுது. தகட்டையும் பேத்துட்டாங்க" என்றான்.

"அப்போ கண்டுபிடிக்க முடியாதா?"

"பேத்தவன் அவசரக்காரன் சார். உள்ளயும் ஒரு எடத்துல நம்பர் இருக்கும்."

மூடியைக் கழற்றினான். எஞ்சினின் பக்கவாட்டில் நாணய அளவில் ஒரு வட்ட அடைப்பு உண்டு. தகட்டில் உள்ள எண்ணையே கம்பெனிக்காரன் அதிலும் குத்தியிருப்பான். அதன்மேல் பெயின்ட் அப்பிக் கிடந்தது.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. நட்டு எண்ணைச் சுரண்டச் சுரண்டச் சத்தமாகப் படிப்பான். கவுன்டரில் உதிரிபாகம் விற்கும் அக்கா, சுவரில் ஒட்டிய அட்டவணையில் விரலை ஓட்டி, எந்த ஃபேக்டரி, எந்த வருஷம் என்று பதில் குரல் கொடுப்பாள். அத்தான் கடலுக்குப் போய்த் திரும்பாத பிறகு வீட்டில் சுவரையே வெறித்துக்கொண்டிருந்தவளை அவன்தான் கையைப் பிடித்து இழுத்துவந்தான். பார்ப்பதுதான் பார்க்கிறாள், பட்டறைச் சுவரைப் பார்க்கட்டுமே என்று. அதற்கும் மூன்று வருஷம் ஆகிவிட்டது. படகின் ஒரு பலகைகூட இதுவரை கரை ஒதுங்கவில்லை.

"கே!" என்று கத்தினான் நட்டு.

"கிளை ஃபேக்டரி" என்றாள் அக்கா. "தாய்க் கம்பெனி இல்ல."

கண்டக்டரின் முகம் சுருங்கியது.

"நாலு, ஒண்ணு..."

"பதினோரு வயசு."

"பதினொண்ணா? படுபாவி!" என்றார் கண்டக்டர்.

நட்டுவுக்குச் சிரிப்பு வந்தது. "ஏழு. அடுத்தது தெரியலக்கா. இரு, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்கறேன்."

"சைபர்" என்றாள் அக்கா.

தேய்த்தான். சைபர்தான்.

"ரெண்டு. ரெண்டு. ஒம்போது" என்று மிச்சத்தையும் அவளே சொன்னாள்.

அவள் அட்டவணையைப் பார்க்கவில்லை. எழுந்து நின்றிருந்தாள். அவன் மிச்சத்தையும் சுரண்டினான். ரெண்டு, ரெண்டு, ஒன்பது.

அத்தான் காணாமல்போனபோது ஏறி இறங்கிய அலுவலகங்களில் எல்லாம் ஆளின் அடையாளத்துக்கு முன்னால் மோட்டாரின் நம்பரைத்தான் கேட்டார்கள். சொல்லிச் சொல்லி அவளுக்கு அது மனப்பாடம். அத்தானின் படகில் இதே மோட்டாரைத் தூக்கி மாட்டியவனே நட்டுதான். மூடியும் காலும் மாறிப்போனதில் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அக்கா வந்து எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தாள். "உள்ள உப்பு ஏறியிருக்கா, பாரு."

அவள் எதைக் கேட்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. கடலில் மூழ்கி எடுத்த மோட்டாரை உள்ளே உப்பு அரித்திருக்கும். பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்தான். கார்புரேட்டரையும் பிரித்தான். ஒரு மோட்டார் பாழாகியிருக்க வேண்டுமே என்று வாழ்க்கையில் முதல் முறையாக வேண்டிக்கொண்டான். எல்லாம் பளிச்சென்று இருந்தது.

"இல்லக்கா. இது முழுகல."

"அப்போ கரைக்கு வந்திருக்கு."

"ம்."

"அவரு?"

நட்டு கண்டக்டரைத் திரும்பிப் பார்த்தான்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, கண்டக்டர் குடோனுக்குப் போன் போட்டார். "மொத்தமா வந்த சரக்கு சார், எங்கேருந்து வந்துச்சுன்னு யார் கண்டா?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான் அங்கிருந்தவன். பிறகு எடுக்கவே இல்லை. நட்டு, அத்தானைக் காணவில்லை என்று அப்போது எழுதிக்கொடுத்த அலுவலகத்துக்குப் பேசினான். அந்த விவகாரம் முடித்தாயிற்று, தகடு இல்லாத மோட்டாரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள்.

அக்கா நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். "செத்துட்டாருன்னு அழுது முடிச்சிட்டேண்டா. வித்துட்டு எங்கயோ நல்லா இருக்காருன்னா, திட்டணும். யாராவது புடுங்கிட்டு அவரத் தண்ணியில தள்ளியிருந்தா, மறுபடியும் அழணும். நான் இப்போ திட்டறதா, அழறதா? அதையாவது சொல்லேன்."

நட்டு கழற்றிய பிளக்கைத் திரும்ப மாட்டினான். துரு ஏறிய எந்தப் போல்ட்டையும் கழற்றிவிடுகிற கைகள்தான். அவளுக்கு உதவவில்லை.

"எனக்கு இது வேணாம்மா, இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கண்டக்டர் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். போர்வையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. நட்டு அதை மோட்டார்மேல் போர்த்தி மூலையில் தள்ளிவைத்தான். அன்று முழுக்க அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் காலையில் இன்னொரு பழைய மோட்டார் வந்தது, சின்னது. கொண்டுவந்தவன் அதே கேள்வியைத்தான் கேட்டான். நட்டு மூடியைக் கழற்றி, முதுகால் கவுன்டரை மறைத்துக்கொண்டு, அடைப்பைச் சுரண்டி எண்ணை வாய்க்குள்ளேயே படித்தான்.

"என்னடா முனகறே?" என்றாள் அக்கா.

"நானே பாத்துக்கறேன்க்கா. நீ கணக்கப் பாரு."

அவள் அசையவில்லை. "படகுல சின்ன மோட்டார் ஒண்ணும் வச்சிருந்தாரு, ஆபத்துக்குன்னு. அந்த நம்பரும் எனக்குத் தெரியும். சத்தமா படி."

நட்டு விலகி நின்று, முதல் எழுத்தைச் சத்தமாகப் படித்தான்.