ஜீவிதாவின் நேர்காணல்

அயர்லாந்துப் பல்கலைக்கழகத்திலிருந்து மறுப்புக் கடிதம் வந்தபோது பிரவீனா கடையில்தான் இருந்தாள். சர்வதேச வணிகம் படிக்க விண்ணப்பித்திருந்தாள். துறை சார்ந்த பணி அனுபவம் இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

அவளால் நம்ப முடியவில்லை. காஞ்சிபுரத்தில் வடிவாம்பாளின் பட்டுக்கடைக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர்களைப் பிடித்துக் கொடுத்ததே அவள்தான். ஹாம்பர்க்கில் துணிக்கடை வைத்திருக்கும் மார்த்தாவோடு பேசுவது, ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரிப்பது எல்லாம் ஐந்து வருடமாக அவள் வேலை.

பணிச் சான்றிதழை முதலாளிதான் நேராகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பிய மெயிலைக் கடைக் கணினியில் தேடி எடுத்தாள். 'பேக்கிங் உதவியாளர்' என்று இருந்தது.

நேரே வடிவாம்பாளிடம் போனாள்.

"என்னம்மா இப்படி எழுதிட்டீங்க?"

"பொட்டி கட்டினுதானே இருந்தே, பொய்யா எழுதிட்டேன்?" வடிவாம்பாள் தலையைத் தூக்கவில்லை. "தென்னேரிலேர்ந்து பஸ்ல வந்துக்கினு கீற. உங்க ஆளுங்களுக்கு இதுவே பெருசு. நீயும் என் பொண்ணும் ஒரே கிளாஸ்ல உக்காரணுமா?"

அவள் மகள் ஜீவிதாவும் அதே படிப்புக்குத்தான் விண்ணப்பித்திருந்தாள். வெளிநாட்டு வியாபாரத்தை வளர்த்தது தான்தான் என்று எழுதியிருந்தாள். அவள் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிரவீனா பார்த்ததில்லை.

அன்றே வேலையை விட்டிருப்பாள். ஜீவிதாவுக்கு வீடியோ நேர்காணல் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் இருந்துவிட்டாள்.

இரண்டே நாளில் வடிவாம்பாள் கூப்பிட்டாள். "அவ பதட்டப்படுவா. நீ கேமராவுக்கு அந்தாண்ட உக்காந்துக்கினு பதிலைப் பெருசா எழுதிக் காட்டும்மா."

"சரிம்மா," என்றாள் பிரவீனா.

பத்து நாள் சொல்லிக்கொடுத்தாள். ஜீவிதா எதையும் குறித்துக்கொள்ளவில்லை. "அதான் நீ இருக்கியே அக்கா," என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரவீனா வற்புறுத்தவில்லை.

நேர்காணலன்று வடிவாம்பாளின் செவிலிமேட்டு வீட்டில், மடிக்கணினிக்குப் பின்னால் வெள்ளைப் பலகையோடு உட்கார்ந்தாள். முதல் இரண்டு கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதிக் காட்டினாள். ஜீவிதா சிரித்தபடி படித்தாள். மூன்றாவதாகப் பேராசிரியர் கேட்டார்:

"உங்கள் சரக்கு ஹாம்பர்க் சுங்கத்தில் மூன்று வாரம் நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். எப்படி விடுவித்தீர்கள்?"

ஜரிகையில் எத்தனை சதவீதம் உலோகம் என்று காகிதத்தில் குறிப்பிடாததால் நின்ற சரக்கு அது. பரிசோதனை அறிக்கை வாங்கி அனுப்பி, மார்த்தாவைச் சுங்க அலுவலகத்துக்குப் போகவைத்து மீட்டவள் பிரவீனா.

ஜீவிதாவின் கண்கள் பலகைக்கு வந்தன. பிரவீனா பழையதைத் துடைத்தாள். நிதானமாக எழுதித் திருப்பினாள்: 'பேக்கிங் உதவியாளருக்கு இது தெரியாது.'

படித்துக்கொண்டே போன பழக்கத்தில் ஜீவிதா முதலிரண்டு வார்த்தைகளை உரக்கவே சொல்லிவிட்டாள். அப்புறம்தான் பொருள் உறைத்து, கேமராவுக்கு மேலாகப் பிரவீனாவைப் பார்த்தாள். கண் கலங்கியது.

"பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?" என்றார் பேராசிரியர்.

பிரவீனா எழுந்தாள். கேமராவில் நன்றாகத் தெரியும்படி ஜீவிதாவுக்குப் பின்னால் நடந்து, தன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பல நாட்களுக்குப் பிறகு பசித்தது.

வடிவாம்பாள் வாசல் வரை ஓடிவந்தாள். "இந்த ஊர்ல எவனும் உன்ன வேலைக்கு வெச்சிக்க மாட்டான்டி!"

"இந்த ஊர்ல யாரு இருக்கப்போறாங்க?" என்று சொல்லிவிட்டு டவுன் பஸ்ஸில் ஏறினாள்.

ஜீவிதாவுக்கு இடம் கிடைக்கவில்லை. பிரவீனா மார்த்தாவுக்கு எல்லாவற்றையும் எழுதினாள். மார்த்தா இரண்டு பக்கச் சான்று அனுப்பினாள். அதை வைத்து வேறொரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்ததில் ஜனவரிச் சேர்க்கைக்கு இடம் கிடைத்தது.

விசா படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் ஜீவிதாவிடமிருந்து வாட்ஸப்பில் செய்தி வந்தது. "அம்மா குடுத்த லெட்டர் பத்தி சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. எங்கிட்ட சொல்லியிருந்தா நானே சண்ட போட்டிருப்பேன்."

உண்மையாகக்கூட இருக்கலாம் என்று பிரவீனாவுக்குத் தோன்றியது. இருந்தும் மனம் இளகவில்லை. தட்டச்சு செய்தாள்: "அந்த ஹாம்பர்க் கதை யாரோடதுன்னு நெனச்சி எழுதின?"

இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. பிரவீனா படிவத்தின் அடுத்த பக்கத்துக்குப் போனாள்.