இல்லாத பக்கங்களைப் படித்தவள்

தான் எழுதிய நாவல் எதையும் அவள் இரண்டாம் முறை படித்ததில்லை. எடுத்துப் புரட்டினால் ஓட்டைகள்தான் கண்ணில் படும். ஒரு கதையில் நாயகனின் கன்னத்து மச்சம் பாதியில் இடம் மாறி உட்கார்ந்துவிட்டது. இன்னொன்றில் மருந்து வாங்கக் கடைக்குப் போன அத்தை கதை முடிகிறவரை திரும்பவே இல்லை. “அத்தை என்னதான் ஆனாங்க?” என்று வாசகிகள் கேட்டால், “கடையில கூட்டம் போல” என்று சொல்லிச் சமாளிப்பாள். காதல் கதை எழுதுகிறவளிடம் யாரும் ரொம்பத் துருவிக் கேட்பதில்லை. சேர்ந்தார்களா இல்லையா, அது தெரிந்தால் போதும்.

மற்றவர்களுடைய ஓட்டைப் புத்தகங்கள் என்றால் மட்டும் அவளுக்கு உயிர். சிறுமியாக இருந்தபோது வாடகை நூலகத்தில் எடுத்த புத்தகங்களில் பாதிக்குக் கடைசித் தாள் இருக்காது. காதலர்களை மழையில் நிற்க வைத்துவிட்டு அட்டை மூடிக்கொள்ளும். அவர்களை அப்படியே நனைய விட மனமில்லாமல் அவளே ஒரு முடிவைக் கட்டி, பள்ளிக்குப் போகிற வழியெல்லாம் தோழிகளிடம் சொல்லுவாள். எழுத்தாளர் ஆனது அப்படித்தான்.

கணவர் இறந்த மறு வருடம் அவள் எழுதிய நாவல் ஒன்று உண்டு. கணவனை இழந்த ஒரு பெண் மீண்டும் ஒருவனை விரும்பிக் கல்யாணம் செய்துகொள்கிற கதை. கதையில் இறந்துபோன கணவர் ஓர் இசை ஆசிரியர். கல்யாணத்துக்கு முந்தின நாள் அவர் வீட்டுக்குத் திரும்பி வந்து சாப்பாட்டு மேசையில் உட்காருவதாக ஒரு காட்சி எழுதத் தொடங்கினாள். நாற்காலியை இழுத்து உட்காரும்வரை எழுத வந்தது. அதற்குமேல் அவர் வாயைத் திறக்கவே இல்லை. எத்தனை நாள் உட்கார்ந்து பார்த்தும் ஒரு சொல் வரவில்லை. தாள்களைக் கிழித்து வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுக் கூழாக்கிக் கொட்டிவிட்டாள். அந்த இடத்தில் துணிக்கடை, பிக்னிக், ஒரு சில்லறைச் சண்டை என்று எதையோ வைத்து நிரப்பினாள். புத்தகத்திலேயே சோப்ளாங்கியான பக்கங்கள் அவைதான்.

அச்சகத்தில் என்ன குளறுபடியோ, பைண்டிங் செய்யும்போது சில பிரதிகளில் சரியாக அந்தப் பக்கங்களே விட்டுப்போய்விட்டன. பதிப்பாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஒருத்தர்கூடப் புகார் சொல்லலைங்க. யாருமே கண்டுக்கலை.”

அந்தச் சிரிப்பு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பிறகு மறந்தும் போனாள்.

வருடங்கள் கழித்து, ஜன்னல் திரை தைக்கக் கொடுப்பதற்காகக் கடைத்தெருவில் இருந்த ஒரு தையற்கடைக்குப் போனாள். கடைக்காரி நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அளவு எழுதிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்த்ததும் பென்சிலைக் கீழே போட்டுவிட்டாள். பின்னட்டைப் படத்தில் பார்த்த முகம்.

“அம்மா, நீங்களா! எங்க அக்கா கேட்டா துள்ளிக் குதிப்பா. குதிக்க முடியாது பாவம், முதுகுல அடிபட்டுப் படுக்கையில கிடக்கறா. மத்தியானம் கடையை மூடிட்டு மாடிக்குப் போயி உங்க கதையைத்தான் படிச்சுக் காட்டுவேன். அதுலயும் அந்தப் பாட்டு வாத்தியார் செத்தப்புறம் திரும்பி வந்து சாப்பாட்டு மேசையில உக்கார்றாரே, அந்த இடம் வந்தா அக்கா மூச்சே விடமாட்டா.”

எழுதியவள் திரைத்துணியை மேசைமேல் வைத்தாள். “அப்படி ஒரு இடம் அந்தப் புத்தகத்துல இல்லையேம்மா.”

“நல்லா இருக்கே!” என்று தையற்காரி வாய்விட்டுச் சிரித்தாள். “எழுதினவங்களுக்கே மறந்துபோச்சா?”

கடை மூடும் நேரம்தான். அவளை விடாப்பிடியாக மாடிக்கு அழைத்துப் போனாள். ஜன்னலோரம் கட்டில். வெயில் போர்வைவரை வந்திருந்தது. கட்டிலில் இருந்த அக்கா எலும்பும் தோலுமாக இருந்தாலும் கண்கள் மட்டும் துறுதுறுவென்று இருந்தன. வந்தவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “படத்துல சின்னப் பொண்ணா தெரியறீங்க” என்றாள்.

தையற்காரி புத்தகத்தைப் பிரித்தாள். முதுகு நைந்து, நூல் வெளியே தெரிந்தது. நிறுத்தாமல், ஏற்றி இறக்கிப் படிக்கிற குரல். எழுதியவள் பக்கத்து முக்காலியில் அமர்ந்து, அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபடி இருந்தாள். இடது பக்கத்தின் கடைசி வரி பாதி வாக்கியத்தில் நின்றது. வலது பக்கம் சம்பந்தமில்லாத வேறு வாக்கியத்தின் வாலில் தொடங்கியது. பக்கம் விட்டுப்போன பிரதி.

தையற்காரி நிற்கவில்லை. கண்கள் தாளின் மேல் வரிவரியாக நகர்ந்தன. வாயிலிருந்து வந்தது வேறு. கதவு திறந்தது. மழைக் காலணியைத் துடைத்தார். நாற்காலியை இழுத்தார். கூழாக்கிக் கொட்டிய வாக்கியங்கள், காற்புள்ளிகூடப் பிசகாமல், ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

அவர் உட்கார்ந்த இடத்தோடு காட்சி நின்றுவிடும் என்று எழுதியவள் எதிர்பார்த்தாள். நிற்கவில்லை. தையற்காரி தொடர்ந்தாள்:

“அவர் தட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ‘சும்மா ஏன் நடுவுல நிக்கறே? மேலயா கீழயா, பட்டனை அமுக்கு’ என்றார்.”

பாட்டு வாத்தியார் அப்படிப் பேசமாட்டார். அப்படிப் பேசுகிறவர் உலகத்தில் ஒருத்தர்தான் இருந்தார். எழுதியவளின் இறந்துபோன கணவர், லிஃப்ட் மெக்கானிக். அவள் எதற்காவது தயங்கி நின்றால், காய்கறி வாங்குவதற்காக இருந்தாலும் சரி, மேலயா கீழயா என்றுதான் கேட்பார்.

தையற்காரி இயல்பாகப் பக்கத்தைத் திருப்பிக் கல்யாணக் காட்சிக்குப் போய்விட்டாள்.

“இதை… இதை எங்கே பார்த்துப் படிச்சீங்க?”

“இதோ, இங்கதான்.” விரலை வைத்துத் தடவினாள். வெறும் பக்க மடிப்பு. அவள் முகம் சுருங்கியது. “இங்கதானே இருந்துச்சு…”

கட்டிலில் இருந்த அக்காதான் பதறாமல் சொன்னாள்: “அவளைக் கேட்டு என்ன பிரயோசனம்? அவளுக்குத் தெரியாது. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்ல. மொதல்ல உக்கார்றதோட முடிஞ்சுடும். அப்புறம் தண்ணி கேட்டாரு. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீளுது.”

புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். உரக்கப் படித்தாள், மனசுக்குள் படித்தாள், கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தாள். அந்த மடிப்பில் பசையும் நூலும்தான் இருந்தன. திருப்பிக் கொடுக்கப் போனவள் அன்றும் உட்கார்ந்து கேட்டாள். அதன்பிறகு வாரம் தவறாமல் போகத் தொடங்கினாள். எழுதிக்கொண்டிருந்த புது நாவல் அப்படியே கிடந்தது. ஊருக்கெல்லாம் காதலைச் சொல்லிக்கொடுத்தவள், பதினாறு வயசுப் பெண்போல ஒரு குரலுக்காக மாடிப்படி ஏறினாள்.

காட்சி வளர்ந்தது. அவர் சாப்பிட்டார். உப்புக் குறைவு என்றார். ஜன்னல் தாழ்ப்பாள் இன்னும் ஆடுகிறதே என்று கடிந்துகொண்டார். அவள் வீட்டுத் தாழ்ப்பாள் உண்மையிலேயே ஆடிக்கொண்டிருந்தது. அழுவதா சிரிப்பதா தெரியாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் அவர் எழுந்து கை கழுவினார். தையற்காரியின் குரல் அன்று என்னவோ தாழ்ந்திருந்தது.

“அவர் வாசலுக்குப் போய்த் திரும்பினார். ‘எவ்வளவு நேரம்தான் காத்திருக்கறது? கிளம்பு, மைக்கூடு’ என்றார்.”

மைக்கூடு என்று அவளை அழைத்தவர் அவர் மட்டும்தான். கதையின் நாயகிக்கு அந்தப் பெயரே கிடையாது. அறையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது, தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். அவளோ முக்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டிருந்தாள். தான் எழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை. கால்கள் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தன. மாடிப்படியில், கீழிருந்து இல்லை, கதவுக்கு வெகு அருகில், யாரோ காலணியை மாட்டுகிற சத்தம்.

“‘வர்றியா?’ என்றார். அவள்…”

“போதும்!” என்று புத்தகத்தின் மேல் கையை வைத்து அமுக்கினாள். “போதும், படிக்காதீங்க.”

தையற்காரி திடுக்கிட்டு நிறுத்தினாள். கதவுக்கு வெளியே சத்தம் எதுவும் இல்லை. எழுதியவள் போய்த் திறந்து பார்த்தாள். படிகள் காலியாக இருந்தன.

திரும்பி வந்தபோது அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். “எழுதினது நீங்களா இருக்கலாம். கேட்டுக்கிட்டு இருந்தது நான். அவ என்ன பதில் சொன்னான்னு எனக்குத் தெரியவேணாமா?”

“மன்னிச்சுக்கோங்க. எனக்குப் பயமாயிருச்சு.”

“எனக்கும்தான் பயம். அதுக்காக நிறுத்துவாங்களா?”

அதற்குமேல் அந்தப் பக்கங்கள் வரவில்லை. தையற்காரி எவ்வளவு முயன்றாலும் பாதி வாக்கியத்தில் தடுக்கி விழுந்து, கல்யாணத்துக்குத் தாவினாள். எழுதியவள் வீட்டில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தானே எழுதிப் பார்த்தாள். ‘இப்போ வரலை’ என்று நாயகி சொல்வதாக எழுதிக்கொண்டுபோய்க் கட்டிலருகே படித்தாள்.

அக்கா பொறுமையாகக் கேட்டாள். “நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நீங்க பேசறது. அவரு பேசலை.”

பதிப்பாளர் புதுப் பதிப்புக்குக் கேட்டபோது, இந்தத் தடவை எந்தப் பிரதியிலும் அந்தப் பக்கங்கள் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். துணிக்கடையும் பிக்னிக்கும் சேர்ந்து வந்த முழுப் பிரதி ஒன்றைச் சகோதரிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தையற்காரி மரியாதையாக வாங்கி அலமாரியில் வைத்தாள். படிக்க எடுத்தது பழையதைத்தான்.

எழுதியவளும் போவதை நிறுத்தவில்லை. புது நாவலை ஒருவழியாக முடித்துவிட்டாள். அதிலும் ஓட்டைகள் உண்டு. மத்தியானம் மாடியில் மூன்று பேரும் உட்காருவார்கள். அந்த மடிப்பு வந்ததும் தையற்காரி தானாக நிறுத்துவாள். மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள்.

“ஏதாவது கேக்குதா?” என்று ஒருநாள் எழுதியவள் அக்காவிடம் கேட்டாள்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் கவனித்தாள்.

“பேச்சு இல்லை. மூச்சு மட்டும்தான் கேக்குது. வாசல்லதான் நிக்கறாரு” என்றாள். பிறகு தங்கையிடம், “ம், திருப்பு” என்றாள்.