வெள்ளைக் காரின் புது மூடி

அண்ணன் கழிப்பறையிலிருந்து முகம் கழுவிக்கொண்டு வந்தபோது பெட்ரோல் குழாய் காரிலிருந்து வெளியே வந்துவிட்டிருந்தது. கன்னத்தில் பவுடர் அப்பியிருந்த பங்க் பெண் மூடியைத் தட்டி மூடிவிட்டு கும்பிட்டாள்.

"ஃபுல் பண்ணியாச்சு அண்ணே."

அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையில் நின்ற பம்பைப் பார்த்தான். அதன் மேல் அரிசிச் சாக்கு ஒன்றைப் போர்த்தி, கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

"எண்பத்தஞ்சு பம்பு எங்க?"

"அது போன மாசமே மூடியாச்சே."

"அப்ப இதுல என்ன போட்ட?"

"தொண்ணூத்தஞ்சு. மூடியிலேயே எழுதியிருக்கே." அவள் திறந்து காட்டினாள். உள்பக்கம் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர்: 95 மட்டும்.

அண்ணன் சிரித்தான். அழுவதற்குத் தெம்பில்லாதபோது அவன் அப்படித்தான் சிரிப்பான்.

பழைய மூடி நசுங்கிப் போய்விட்டது. அதில் அவனே தடித்த பேனாவால் '85' என்று எழுதி வைத்திருந்தான். பந்தயத்துக்குப் போகிற கார் அழகாக இருக்கட்டும் என்று போன வாரம் பழைய சாமான் கடையில் தேடி, எங்கேயோ மோதி நொறுங்கிய இதே மாதிரி வெள்ளைக் கார் ஒன்றின் மூடியை வாங்கி மாட்டினான். செத்துப்போன காரின் ஸ்டிக்கரை உரித்துப் போட மறந்துவிட்டான். ராத்திரியெல்லாம் கரும்பு லாரி ஓட்டிவிட்டுப் பகலில் கார் வேலை பார்க்கிறவனுக்கு எல்லாம் ஞாபகமிருக்குமா?

"என்னைய எழுப்பியிருக்கலாம்ல?" என்றேன் அந்தப் பெண்ணிடம், காருக்குள்ளிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டே.

"கண்ணாடியத் தட்டுனேன் அக்கா. நீங்க குறட்டை விட்டீங்க."

அவள் சொன்னது பொய்யாக இருக்காது.

நான் ஓட்டினேன். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் பையிலிருந்த ஐஸ் காபியை உறிஞ்சினான். ஃபூகியோ என்ற ஊரைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் கரும்பு. சில இடங்களில் அறுத்து எரித்திருந்தார்கள். கரி, கறுப்பு வண்ணத்துப்பூச்சிகள் போலக் கண்ணாடியில் வந்து உட்கார்ந்தது. இந்தக் கரும்பைத்தான் அண்ணன் ஆலைக்கு ஏற்றிப் போகிறான். அங்கே அது சாராயமாகி, பெட்ரோலில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்காகக் கலந்து, எண்பத்தைந்து என்ற பெயரில் வரும். இவன் எஞ்சின் அதற்குப் பழகியது. எவ்வளவு அழுத்தினாலும் அந்த எண்ணெய் அவசரப்பட்டுத் தானாகப் பற்றிக்கொள்ளாது. பொறி வரும்வரை பொறுமையாக இருக்கும். சாதாரணப் பெட்ரோலான தொண்ணூற்றைந்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போ முழுசாக ஊதினால் நேரத்துக்கு முன்னால் வெடித்து, உள்ளேயே பிஸ்டனை உடைத்துவிடும்.

"டாங்க்குல பாதி நம்ம பழைய எண்ணெய் இருக்குல்ல?" என்றேன்.

"இருக்கு. பாதிப் பொறுமை இருக்கு."

"பந்தயத் திடல்ல யார்கிட்டயாவது வாங்கிக்கலாம்."

"அவனவன் கேன்ல கொண்டு வர்றது அவனவனுக்கே பத்தாது. அப்படியே குடுத்தாலும் இத வடிக்கணும்னா டாங்க்கக் கழட்டணும். மத்தியானத்துக்குள்ள ஆகாது."

"டர்போவக் கொறச்சு ஓட்டேன்."

"ஓட்டலாம். அதப் பாக்க பிரயூன் எதுக்கு வரணும்? பஸ் ஸ்டாண்டுல நின்னா போதுமே."

பிரயூன் புரிராமில் பந்தயக் கார்கள் வைத்திருப்பவர். இன்று மதியம் கோன்கேன் திடலில் அண்ணன் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் சம்பளத்துக்கு ஓட்டுநராகச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். பிடிக்கவில்லையென்றால் திங்கள்கிழமை மறுபடியும் கரும்பு லாரி. அண்ணனுக்கு வேறு கனவே கிடையாது. எனக்காவது படித்த கதைகளில் பனி பெய்யும் ஊர்கள் இருக்கின்றன.

வழியில் தென்பட்ட பங்குகளில் எல்லாம் நிறுத்திக் கேட்டோம். ஒருவன் இல்லையென்று தலையாட்டினான். இன்னொருவன், "அது எந்தக் காலம் அண்ணே, நீங்க என்ன ஜெயில்ல இருந்து வர்றீங்களா?" என்றான். அண்ணன் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். அவனைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

திடலுக்குத் திரும்பும் வழியில், இன்னும் திறக்காத புறவழிச் சாலை ஒன்று நேராக ஓடியது. அண்ணன் ஸ்டீயரிங் பக்கம் இடம் மாறி உட்கார்ந்தான்.

"ஒரே ஒரு தடவை முழுசா மிதிக்கிறேன். காது குடு. என் காதுக்குள்ள லாரிதான் ஓடிட்டிருக்கு."

"என்ன கேக்கணும்?"

"உனக்குத் தெரியும், தவளை."

தவளை என்பது வீட்டில் என்னைக் கூப்பிடும் பெயர். எனக்குத் தெரியும்தான். பழைய எஞ்சின் ஒன்று இப்படி நேரத்துக்கு முன்னால் வெடித்து உடைந்தபோதும், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

மிதித்தான். முதுகு இருக்கையில் ஒட்டிக்கொண்டது. டர்போ விசிலடித்தது, கார் வாய்விட்டுக் கத்தியது. அந்தக் கத்தலுக்கு அடியில், மெலிதாக, தகர டப்பாவில் புளியங்கொட்டை உருளுகிற சத்தம்.

காலை எடுத்துவிட்டான். கார் தானாக உருண்டு ஓரத்தில் நின்றது.

"கேட்டுச்சா?"

என் முகத்தைப் பார்த்தான். கண்கள் சிவந்திருந்தன. இல்லை என்று சொன்னால் போதும், நேராகத் திடலுக்குப் போவான். ஓர் ஓட்டத்தை எஞ்சின் தாங்கினாலும் தாங்கும். அந்த ஓர் ஓட்டம்தான் அவனுக்கு வேண்டும். இல்லை என்று சொல்லச் சொல்லித்தான் அந்தக் கண்கள் கேட்டன.

"கேட்டுச்சுண்ணே."

"நிஜமா?"

"புளியங்கொட்ட."

ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தான். பிறகு பிரயூனைப் போனில் அழைத்தான். "வரல சார்... எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. எண்ணெய்தான் தப்பு." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "சரி சார், சரி சார்" என்றான்.

"என்ன சொன்னாரு?"

"என்னத்த சொல்வாரு. இன்னிக்கு இன்னும் நெறய பேரு ஓட்ட இருக்காங்களாம்."

இறங்கி, பெட்ரோல் மூடியைத் திறந்தான். மஞ்சள் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டினான். வெயிலில் பழுத்த பசை. துண்டு துண்டாகத்தான் வந்தது. பாதியிலேயே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"நீயே ஓட்டு. டர்போ ஊத விடாத."

வீடு நோக்கி மெதுவாக ஓட்டினேன். அண்ணன் மடியில் வைத்திருந்த பசையரிசிச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே தூங்கிப்போனான். கரும்பு ஏற்றிய லாரி ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. டிரைவர் அண்ணனை அடையாளம் கண்டு ஹாரன் அடித்துக் கையாட்டினான். பதிலுக்கு நான் கையாட்டினேன். அண்ணன் எழுந்துகொள்ளவில்லை.