வெளிச்சத்தின் மேல் பழி

நான்காவது சுவர் காய்ந்ததும் கலர்காரனின் மனைவிதான் முதலில் கண்டுபிடித்தாள். ஜன்னல் ஓரத்தில் ஒட்டியிருந்த காகித டேப்பை உரித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

"என்னங்க, இந்தச் சுவர் மட்டும் வேற மாதிரி இருக்கே."

"ஜன்னல் பக்கம் இல்லையா? வெளிச்சம் விழறதுல அப்படித்தான் தெரியும்" என்றான் அவன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

பார்க்காமலே சொன்னான் என்பதைக் கவனியுங்கள். பெயிண்ட் கடையில் கலர் கலக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் பதினோரு வருடம் நின்று, சொல்லிச் சொல்லித் தேய்ந்த பேச்சு அது. நம்பரைப் பார்த்துப் பொத்தானை அமுக்கினால் வெள்ளை டப்பாவுக்குள் குழாய்களிலிருந்து சாயம் சொட்டும். மூடிக் குலுக்கி நீட்டுவான். எவனாவது "ஒரே நம்பர்தான், ரெண்டு டப்பாவும் ரெண்டு கலரா இருக்கே" என்று தூக்கிக்கொண்டு வந்தால் முதலாளி கல்லாவிலிருந்து கண்ணைக் காட்டுவார். இவன் எடுத்துவிடுவான்: "மெஷின் தப்புப் பண்ணாதுங்க. வெளிச்சம்தான் காரணம்." அது எடுபடாவிட்டால் அடுத்தது தயாராக இருக்கும்: "பெயிண்டர் தண்ணி அதிகமா ஊத்தியிருப்பார்." இரண்டையும் கண்டுபிடித்தவன் சாட்சாத் இவனேதான். அதற்காக முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தபோது மகானுபாவனுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் கலர் கலந்து கொடுத்தவன், அதில் ஒன்றையாவது சுவரில் அடித்துப் பார்த்ததில்லை. அந்த ஏக்கம்தான் அவனை இந்தத் தொழிலில் இறக்கிவிட்டது. கடை வேலை ஒரு பக்கம், லீவு போடும் நாட்களில் பெயிண்டிங் ஒரு பக்கம். கூட வேலைக்கு மனைவி. முதலாளியும், "நம்ம கடைப் பெயிண்ட்டத்தான் அடிக்கணும்" என்று தலையாட்டிவிட்டார். மனைவி யோசித்து யோசித்து எழுதிக் கொடுத்த வரியை விசிட்டிங் கார்டில் அச்சடித்திருந்தார்கள்: "சொன்ன கலர், சொன்ன நாள்."

முதல் வேலை இந்த டியூஷன் டீச்சர் வீட்டு ஹால். திங்கட்கிழமை சாயங்காலம் இங்கே வகுப்பு தொடங்குகிறது. பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் கண்ணில் படப்போகும் ஹால். இது நன்றாக அமைந்தால் இன்னும் பத்து வீடு வரும். சொதப்பினால் கார்டுகளை அடுப்பெரிக்க வைத்துக்கொள்ளலாம்.

புதன்கிழமை நான்கு டப்பா கலந்து எடுத்து வந்தான். பழைய சுவர் பெயிண்ட்டைக் குடித்துத் தீர்த்துவிட்டது. கணக்குப் போடத் தெரியாத கத்துக்குட்டி வேறு. சனிக்கிழமை காலை கடைக்கு ஓடிப்போய் அதே நம்பரில் ஐந்தாவது டப்பாவைக் கலந்து வந்து கடைசிச் சுவரை அடித்திருந்தான்.

டீச்சர் உள்ளேயிருந்து வந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சுவரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது என்ன, மூணு சுவர் இளம் பச்சை, இது மட்டும் நீலம் பூத்திருக்கு?"

"வெளிச்சம்தாங்க டீச்சர்…"

"ஏம்ப்பா, என் தலையில என்ன மிளகாயா அரைக்கிறே? தண்ணியை அதிகமா ஊத்திட்டியா?"

அவனுக்குச் சுருக்கென்றது. தண்ணீர் ஊற்றினானாம்! அளந்து, வடிகட்டி, குழந்தைக்குப் பால் ஆற்றுவதுபோல் கலக்கியவனைப் பார்த்து! அட்டைத் துண்டில் பாதிக்குப் பழைய டப்பாவின் அடியில் மிச்சமிருந்ததையும் மீதிக்குப் புதியதையும் தடவி, காயவைத்து, வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தான். நடுவில் கோடு போட்டதுபோல் தெரிந்தது. புதியதில் மஞ்சள் குறைந்திருந்தது.

அவனுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. மஞ்சள் குழாய்! அது அடைத்துக்கொள்கிறது, மாற்ற வேண்டும் என்று போன வருடமே முதலாளியிடம் சொன்னவன் இவன். அவர் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இழுத்தடித்தார். இவனும் துணியால் முனையைத் துடைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். அட்டையும் கையுமாகக் கடைக்கு நடந்தான்.

"முதலாளி, இதைப் பாருங்க. மஞ்சக் குழாய் மறுபடியும் சொதப்பிருக்கு. என் மானம் போகுது."

முதலாளி அட்டையை வாங்கினார், இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார், திருப்பிக் கொடுத்தார்.

"வெளிச்சம்தான்ப்பா."

"என்கிட்டயேவா?"

"இல்லேன்னா நீ தண்ணி அதிகமா ஊத்தியிருப்பே." கல்லாப்பெட்டிக்குப் பின்னால் அவருடைய தொந்தி குலுங்கியது. "எல்லாம் நீ சொல்லிக்கொடுத்ததுதானே? போ, போ."

செருப்பால் அடித்திருந்தால்கூடக் கலர்காரன் தாங்கியிருப்பான். சொந்தப் பேச்சாலேயே அடி வாங்கியதைத் தாங்க முடியவில்லை. அலமாரியிலிருந்து மஞ்சள் சாயப் புட்டி ஒன்றை எடுத்துக் காசை மேஜையில் வைத்துவிட்டு வெளியேறினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, டீச்சர் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து, பாதிக்குமேல் மிச்சமிருந்த ஐந்தாவது டப்பாவில் சொட்டுச் சொட்டாக மஞ்சளை விட்டான். ஒரு சொட்டு, கலக்கு, அட்டையில் தடவு, காயவை, பார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள்.

"அந்த ஆளு வாயில மண்ணு விழ" என்றாள். "ஆனா நீங்களும் லேசுப்பட்டவர் இல்ல. என்கிட்டயே வெளிச்சம்னு கதை விட்டீங்கல்ல?"

"வாயைக் கிளறாதே."

"கிளறுவேன். எத்தனை பேருகிட்ட இதைச் சொல்லியிருப்பீங்க?"

பதினேழாவது சொட்டில் பொருந்தியது. சாயங்காலத்துக்குள் அந்தச் சுவரை முழுக்க அடித்து முடித்தார்கள். தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. டீச்சர் ஹால் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"சொன்ன கலர், சொன்ன நாள். சரிதான்" என்றார். "ஆனா ஒண்ணு கேக்கறேன், முதல்ல ஏன் வெளிச்சம்னு சொன்னே?"

அவன் குனிந்து பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை கடை திறந்த அரை மணி நேரத்தில் நெட்டையன் வந்தான். இருபது வருடமாகப் பெயிண்ட் அடிப்பவன், ஆள் வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். அவனுடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு வீட்டுக்காரரும் கூட வந்தார்.

"கேளுய்யா, இங்கேயே கேளு" என்று வீட்டுக்காரர் கத்தினார். "ஒரு டப்பா குறையுதுன்னு சனிக்கிழமை வாங்கிட்டு வந்தான். படுக்கையறைச் சுவர் திட்டுத் திட்டா நிக்குது. தண்ணியை ஊத்தி ஏமாத்திட்டு, கடை மேல பழி போடறான்!"

நெட்டையன் டப்பாவை மேஜையில் வைத்தான். கலர்காரனைப் பார்க்கவே இல்லை. இங்கே என்ன பதில் வரும் என்று அவனுக்குத் தெரியும். போன வருடமும் இதே மேஜை, வேறொரு வீட்டுக்காரர்.

முதலாளி கண்ணைக் காட்டினார்.

கலர்காரனுக்குக் காது மடல் சுட்டது. வேலை போனால் என்ன ஆகும்? டீச்சர் வீட்டு ஹால் ஒன்றை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா? முதலாளி தொண்டையைக் கனைத்து மறுபடியும் கண்ணைக் காட்டினார். அந்தக் கண் ஜாடைதான் அவனுக்கு வெறியேற்றிவிட்டது.

"மெஷின்ல மஞ்சக் குழாய் அடைச்சிருக்குங்க" என்றான், தெருவுக்கே கேட்கும்படி. "சனிக்கிழமை கலந்தது எதுவும் சரியில்ல. பெயிண்டர் மேல தப்பே இல்ல. அன்னைக்கே முதலாளிகிட்டச் சொல்லிட்டேன்."

"டேய்!" என்று முதலாளி எழுந்தார்.

வீட்டுக்காரரின் கை நெட்டையனை விட்டு இறங்கியது. "அப்படியா சமாச்சாரம்?" என்று இப்போது முதலாளி பக்கம் திரும்பினார். நெட்டையன் மட்டும் அசையவில்லை. அவனிடமிருந்து ஒரு நன்றி வரும் என்று எதிர்பார்த்தானே இவன், அந்த அற்ப ஆசையை என்ன சொல்ல!

"அப்போ போன வருஷம்?" என்றான் நெட்டையன், மெல்ல.

"அதுவும் குழாய்தான்."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

நெட்டையனின் முகம் கறுத்துவிட்டது. அடித்துவிடுவான் என்றுதான் கலர்காரன் நினைத்தான். அடித்தால் வாங்கிக்கொள்ளவும் தயாராக நின்றான்.

"தண்ணி ஊத்தறவன்னு பேரு வாங்கிக் கொடுத்தியேடா பாவி. போன வருஷத்து மனுஷன் இன்னைக்கும் என்னைத் தெருவுல பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கிறார். என் பொண்ணு கூட வரும்போதும் திருப்பிக்கிறார்." குரல் உடைந்தது. உடனே கோபம் அதைத் தூக்கி நிறுத்தியது. "இங்க சொன்னது பத்தாது. வா. அவர் வீட்டுக்கு வந்து, அவர் முன்னாடி சொல்லு."

"இப்பவா?"

"இப்பவேதான்."

"கடையை விட்டு இறங்கினே, திரும்ப ஏறாதே!" என்று முதலாளி மேஜையைத் தட்டினார்.

கலர்காரன் கடை பேர் போட்ட நீலக் கோட்டைக் கழற்றி மெஷின் மேல் போட்டான். "எந்தத் தெரு?" என்று நெட்டையனிடம் கேட்டான்.

"நட, சொல்றேன்" என்றான் நெட்டையன். வழி முழுக்க அவனைத் திட்டிக்கொண்டே வந்தான். கலர்காரன் அந்த நெட்டைக் கால்களுக்கு ஈடுகொடுத்துக் கூடவே நடந்தான்.